பாவ்லோ ஸஹ்ரெபெல்னியின் ‘தீவோ’: நூல் விமர்சனம்

கீவ் நகரின் புனித சோஃபியா தேவாலயத்தைக் கட்டிய சிற்பி யார்? பழைய வரலாற்றுக் குறிப்பேடுகள் பதினோராம் நூற்றாண்டு இளவரசர் யாரோஸ்லாவின் பெயரைச் சொல்கின்றன; கட்டியவனின் பெயரைச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் 1968இல் வெளிவந்த இந்த நாவல் நிற்கிறது. சிவோக் என்ற கற்பனைக் கலைஞனைப் படைத்து, அவனைக் கான்ஸ்டான்டினோப்பிள் வரை அனுப்பி மொசைக் வேலை கற்க வைக்கிறார் உக்ரைனிய எழுத்தாளர் ஸஹ்ரெபெல்னி (1924–2009). சுவரும் வண்ணமும் வரும் பக்கங்கள் அபாரம். அவற்றை அவசரமாகப் படிக்காதீர்கள்.

கதை மூன்று காலங்களில் மாறி மாறி நடக்கிறது: யாரோஸ்லாவின் காலம், நாஜிகள் பிடித்திருந்த கீவ், 1960கள். அத்தியாயத் தலைப்பிலேயே ஆண்டும் பருவமும் இருக்கும்; அதைத் தாண்டிப் போனால் யார் எந்த நூற்றாண்டில் இருக்கிறார் என்பதே குழம்பிவிடும். பலர் பழங்காலப் பகுதியை மட்டும் தொடர்ந்து படித்து, மற்றதை விட்டுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. தேவாலயத்தைக் காக்கப் போராடும் பேராசிரியர் ஒதாவாவும் அவர் மகனும் இல்லாமல் சிவோக்கின் கதை பாதிதான்.

1960களின் உரையாடல்கள் சில இடங்களில் நீண்டு சலிப்பூட்டுகின்றன, உண்மைதான். விறுவிறுப்பான கதை முதலில் வேண்டுமென்றால், ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் மனைவியான உக்ரைனியப் பெண்ணைப் பற்றிய ஸஹ்ரெபெல்னியின் ‘ரொக்சொலானா’வில் (1980) தொடங்கலாம். ஆனால் அவருடைய உச்சம் ‘தீவோ’தான்.