பாம்பன் வழியா, லாரியிலா?

நாகப்பட்டினத்தில் விசைப்படகு வாங்கினால் தூத்துக்குடிப் பக்கம் இருக்கும் நம்ம ஊர் புன்னக்காயலுக்கு எப்படிக் கொண்டுவருவது? வழி ரெண்டு.

லாரி என்றால் கதை சின்னது. ஏற்ற ஒரு கிரேன், இறக்க ஒரு கிரேன், வழியெல்லாம் தாழத் தொங்கும் மின்கம்பி. சின்ன ஃபைபர் வள்ளத்துக்குச் சரி; விசைப்படகுக்குச் செலவு கையைக் கடிக்கும்.

கடல்வழி என்றால் பாம்பன் கால்வாய். நாட்டுப்படகு ரயில் பாலத்துக்கு அடியிலேயே நுழைந்துவிடும். பெரிய படகு துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, பாலம் திறக்கும் நாளுக்காக நங்கூரம் போட்டுக் கிடக்க வேண்டும். 1914-இல் கட்டிய பழைய பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். இரண்டு இறக்கையாக விரிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே 17 மீட்டர் மேலே போகிறது. எனக்கென்னவோ பழையதுதான் பார்க்க அழகு.

திறந்ததும் முண்டக்கூடாது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எதிர்த்தால் என்ஜின் திணறும், கூட வந்தால் படகைத் தூணுக்கு இழுக்கும். "அண்ணாச்சி, முன்னால போறவன் தாண்டட்டும்" என்று என் டிரைவர் சுக்கானை விடாமல் நின்றான்.

கடைசித் தொல்லை நம்ம ஊரில்தான். தாமிரபரணி முகத்துவாரத்தில் மணல்மேடு. வத்தத்தில், அதாவது தண்ணீர் இறங்கும் நேரத்தில் வந்தால் அடி தட்டும். தண்ணீர் ஏறும் ஏத்தத்துக்குக் காத்திருந்துதான் நுழைந்தோம்.

அடுத்த படகையும் பாம்பன் வழியாகத்தான் கொண்டுவருவேன், ஐப்பசி கார்த்திகை மட்டும் வேண்டாம்.