இயக்கப் புறணியில் மின்பதிவு: எத்தனை செல்கள் என்பதா, எந்தச் செல் என்பதா?

கை அசைவதற்குச் சற்று முன்பே பெருமூளையின் இயக்கப் புறணியில், அதாவது தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் மேற்படலப் பகுதியில், நரம்பணுக்கள் மின்னால் துடிக்கத் தொடங்கிவிடுகின்றன. அந்தத் துடிப்பைப் பதிவு செய்ய இன்று முக்கியமாக நான்கு கருவிகள் போட்டியிடுகின்றன. ஒற்றை உலோக ஊசி, யூட்டா மின்முனைத் தொகுதி, நியூரோபிக்சல்ஸ் என்ற சிலிக்கான் இழை, சவ்வோடு ஒட்டிப் பதியும் கண்ணாடிக் குழாய். சேனல் எண்ணிக்கையை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை புள்ளிகளில் பதிய முடியும் என்பதை வைத்தே இவற்றுக்கு மதிப்பெண் போடும் பழக்கம் பரவிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

யூட்டா தொகுதியின் பலம் நீடித்து உழைப்பது. 4 மி.மீ. சதுரத்தில் பத்துக்குப் பத்தாக ஊசிகள், இடைவெளி 400 மைக்ரோமீட்டர், பதிவுக்குப் பயன்படுபவை வழக்கமாக 96. காற்றழுத்தக் கருவியால் ஒரே தட்டில் உள்ளே இறக்கிவிட்டால் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் சிக்னல் வரும். கை கால் செயலிழந்தவர்கள் எண்ணத்தால் கர்சரை நகர்த்திய பிரெயின்கேட் ஆய்வு 2004-இல் தொடங்கியதும் இதை நம்பித்தான். ஆனால் ஊசிகளின் நீளம் 1.5 மி.மீ.க்குள் அடங்கிவிடும், பதித்த பின் ஆழத்தை மாற்ற வழியே இல்லை. மக்காக் குரங்கில், தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களை நேரடியாகத் தொடும் செல்களில் பெரும்பாலானவை மையப் பிளவு என்ற ஆழமான மடிப்பின் முன்சுவருக்குள் ஒளிந்திருக்கின்றன. மேற்பரப்பில் அமரும் தொகுதிக்கு அவை எட்டாது. விரல் அசைவை ஆராய்பவருக்கு இது சின்னக் குறை அல்ல.

நியூரோபிக்சல்ஸ் 2017-இல் அறிமுகமானது. 10 மி.மீ. நீளம், 70 மைக்ரோமீட்டர் அகலம் கொண்ட இழையில் 960 பதிவுப் புள்ளிகள். ஒரே நேரத்தில் 384 புள்ளிகளைப் படிக்கலாம். புள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் ஒரே செல்லின் துடிப்பு பல இடங்களில் பதிகிறது. எந்தத் துடிப்பு எந்தச் செல்லுடையது என்று பிரிக்கும் வேலை எளிதாகிறது. சுண்டெலியில் புறணியின் எல்லா அடுக்குகளையும் ஒரே குத்தில் கடந்துவிடலாம். குரங்குகளுக்கென 45 மி.மீ. நீள வகையும் வந்துவிட்டது. மூச்சோடும் நாடித்துடிப்போடும் மூளை மேலும் கீழும் அசைவதுதான் தலைவலி: இழையருகே செல்கள் நகர்ந்துகொண்டே இருக்கும், மென்பொருள்தான் துரத்திப் பிடிக்க வேண்டும்.

கண்ணாடிக் குழாய் முறை, நேயரும் சாக்மனும் 1976-இல் வெளியிட்டு 1991-இல் நோபல் பரிசு பெற்றது, வேறு ரகம். வெளியிலிருந்து கேட்டால் சுமார் நூறு மைக்ரோவோல்ட். உள்ளே நுழைந்தால் நூறு மில்லிவோல்ட், அதாவது ஆயிரம் மடங்கு. துடிப்பாக வெடிக்காமல் அடங்கிப்போகும் சிறு ஏற்ற இறக்கங்களையும் காட்டுவது இது மட்டுமே. விழித்திருக்கும் விலங்கில் பிடி பெரும்பாலும் சில நிமிடங்களில் நழுவிவிடும் என்பதால், ஒரு கேள்விக்கு மட்டும் எடுக்கும் ஆயுதம் இது.

இனி, பழசு என்று பலர் ஒதுக்கும் ஒற்றை ஊசி. 1960-களில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் எட்வர்ட் எவார்ட்ஸ் விழித்திருந்த குரங்குகளில் ஒரு நேரத்தில் ஒரு செல்லைத்தான் கேட்டார். கேட்கும் செல் தண்டுவடம் நோக்கி இழை அனுப்பும் பிரமிடு பாதைச் செல்தானா என்று சோதித்துக்கொண்டார். மூளைத்தண்டில் அந்தப் பாதையை மின்னால் தூண்டினால், துடிப்பு பின்னோக்கி ஓடி, மாறாத தாமதத்தில் செல்லை வந்தடையும். செல் தானாகத் துடித்த உடனே தூண்டினால், கீழே போகும் துடிப்பும் மேலே வரும் துடிப்பும் வழியில் மோதி இரண்டும் அழியும். ஊசியில் எதுவும் வராது. அந்த மௌனம்தான் சான்று. இதற்கு மோதல் சோதனை என்று பெயர். மணிக்கட்டு நகரும் திசையை மாற்றாமல் எதிர்ச்சுமையை மட்டும் மாற்றியபோது, இச்செல்களில் பல இடமாற்றத்தைவிட விசையோடு சேர்ந்தே ஏறி இறங்கின என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது அதனால்தான்.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. ஊசியை இறக்கித் தேடும்போது பெரிய, சுறுசுறுப்பான செல்களே மாட்டும். அமைதியானவை கணக்கில் வராது. வெவ்வேறு நாளில் பதிந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டம் என்று அழைக்க வேண்டியிருக்கும். பல செல்களின் விருப்பத் திசைகளைக் கூட்டினால் கை நகரும் திசை தெரியும் என்று ஆய்வாளர் ஜார்ஜோபௌலோஸ் 1986-இல் காட்டிய திசைக் கூட்டலும் அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்த செல்களிலிருந்து வந்ததுதான். ஒரே கணத்தில் செல்கள் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்ற கேள்விக்கு அதனால் பதில் கிடைக்காது. அங்கே பல முனைக் கருவிகள்தான் வெல்கின்றன.

ஆனால் பல முனைக் கருவியில் செல்லின் வகையைத் துடிப்பின் அகலத்தை வைத்து ஊகிப்பதுதான் வழக்கம்: மெலிந்த துடிப்பு என்றால் பிற செல்களை அடக்கும் தடுப்புச் செல், அகன்றது என்றால் பிரமிடு செல். மக்காக் இயக்கப் புறணியில் இந்த விதி சறுக்குகிறது. மோதல் சோதனையில் உறுதிப்பட்ட பெரிய பிரமிடு செல்களும் மெலிந்த துடிப்பையே தருகின்றன என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அகலத்தை மட்டும் நம்பியிருந்தால் வெளியேறும் முக்கியக் கட்டளைச் செல்களே தடுப்புச் செல் கணக்கில் போயிருக்கும்.

சுண்டெலி என்றால் என் தேர்வு நியூரோபிக்சல்ஸ், கூடவே, எந்த வகைச் செல் என்று அடையாளம் காண, ஒளி பட்டால் துடிக்க வைக்கும் புரதம் ஏற்றிய செல்கள். குரங்கின் விரல்களை ஆராய்வதென்றால் பிளவுக்குள் இறங்கும் ஊசியோ நீண்ட இழையோ, கட்டாயம் பிரமிடு பாதைத் தூண்டலோடு. பல ஆண்டு இயங்க வேண்டிய மருத்துவக் கருவிக்கு யூட்டாதான். அங்கே செல்லின் வகை தெரியாமலேயே கர்சர் நகர்கிறது, அது போதும்.