பள்ளிக்கும் ஹெட்கியர் அணிந்தே போக வேண்டும் என்றார்கள்: ஒரு தந்தையின் எச்சரிக்கை

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மேல் முன்பற்கள் துருத்திக்கொண்டிருந்ததால், சென்ற கோடை விடுமுறையில் தென்சென்னையில் உள்ள ஒரு தனியார் பல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கிளிப் மட்டும் போதாது, மேல்தாடையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த ஹெட்கியர் என்ற, பிடரியில் பட்டையோடு மாட்டும் கம்பிக் கருவியும் வேண்டும் என்றார்கள். அதில் தவறில்லை; வளரும் வயதில் பலன் தரக்கூடிய சிகிச்சைதான் அது. ஆனால் 'பேக்கேஜ்' என்று சொல்லி 48,000 ரூபாயையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ரசீதுக்குப் பதிலாகத் தொகை மட்டும் எழுதிய வெள்ளைத்தாள் ஒன்றைக் கொடுத்தபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுவதும், பள்ளியிலும், அதைக் கழற்றவே கூடாது என்பது அவர்களுடைய கட்டளை. கடைவாய்ப் பற்களில் செருகிய கம்பி உதடுகளுக்கு நடுவே வெளியே வந்து, கன்னங்களின் இருபுறமும் வளைந்து, பிடரியில் உள்ள பட்டையோடு இணைந்திருக்கும். இரட்டைப் பின்னல் கட்டாயமான பள்ளி என்பதால் பட்டையைக் கூந்தலால் மறைக்கவும் வழியில்லை. முதல் வாரத்திலேயே அவளுக்குக் 'கடிவாளம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜலதோஷம் என்று பொய் சொல்லி, ஜூன் மாதப் புழுக்கத்தில் முகக்கவசம் அணிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கம்பியை வாயிலிருந்து உருவும்போது எச்சில் நூலாக நீளுமாம். அதைப் பிறர் பார்க்கக் கூடாது என்று மதிய உணவையே விட்டுவிட்டாள். தயிர்சாதம் அப்படியே திரும்பி வந்த டப்பாவைக் கழுவியவன் நான்தான், ஆயினும் பசியில்லை என்ற அவளுடைய பதிலை ஒரு மாதம் நம்பினேன்.

ஆகஸ்டில் ஒரு மாணவன் இடைவேளையில் விளையாட்டாக அந்தக் கம்பியை முன்னால் இழுத்துவிட்டான். பிடி நழுவியதும் பட்டையின் இழுவிசையில் கம்பி திரும்பித் தெறித்து, கண்ணுக்கு ஓர் அங்குலம் கீழே கீறிவிட்டது. மருத்துவமனையில் முறையிட்டபோது, பிள்ளையைக் கவனமாக இருக்கச் சொல்லுங்கள் என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். என்ற முதுநிலைப் பட்டம் முடித்த வேறொரு மருத்துவரிடம் சென்றேன். அவர் முதலில் பட்டையைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். அளவுக்கு மீறி இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் பாதுகாப்புக் கொக்கி அதில் இல்லை. வாயில் இருந்த கம்பியின் முனை கண்ணில் பட்டால் காயத்தோடு கிருமித்தொற்றும் சேர்ந்து பார்வையையே பாதிக்கக்கூடும் என்பதால், விளையாடும்போது அதை அணியவே கூடாது என்றார். பொதுவாக மாலை முதல் காலை வரை 12 முதல் 14 மணி நேரம் அணிந்தாலே போதுமாம். என் மகள் பள்ளியில் பட்ட அவமானம் அத்தனையும் தேவையற்றது. சிகிச்சைக்கு முன் எடுக்க வேண்டிய பக்கவாட்டுத் தலை எக்ஸ்ரேகூட எடுக்கப்படவில்லை. பெயர்ப்பலகையில் இருந்த நிபுணரை நாங்கள் ஒருமுறையும் பார்த்ததில்லை. கிளிப் போட்டவர் பி.டி.எஸ். என்ற இளநிலைப் பட்டம் மட்டுமே முடித்தவர் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

எனவே உங்கள் பிள்ளைக்கு இதைப் பொருத்துபவரின் தகுதியையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். பாதுகாப்புக் கொக்கியை உங்கள் கண்ணெதிரே இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். செலவு தாங்காதவர்கள் சென்னை கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் விசாரிக்கலாம்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. புகார் அளிக்க இரண்டு ஆண்டுகள் அவகாசமும் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை எழுதி முடித்துவிட்டேன். பணம் கட்டியதற்குச் சான்றாக இணைக்க என்னிடம் இருப்பது அந்த வெள்ளைத்தாள் ஒன்றுதான்.