நாலு பாட்டிலில் எத்தனை நிறம்? எப்சன் எல்3250 இங்க் டேங்க் பிரிண்டர்

இந்த பிரிண்டரில் ஊற்றுவது நாலே மை: சியான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த ரோஸ்), மஞ்சள், கருப்பு. 003 என்ற எண் போட்ட 65 மி.லி. பாட்டில்கள். பள்ளி புராஜெக்ட், கடை விலைப்பட்டியல், அழைப்பிதழின் மாதிரிப் பிரதி இவற்றுக்குத் தாராளமாகப் போதும். போட்டோ ஸ்டுடியோ வேலைக்கு வாங்காதீர்கள். காரணம் மையின் எண்ணிக்கையிலேயே இருக்கிறது.

மை வெளிச்சத்தை விழுங்கித்தான் நிறம் காட்டுகிறது. சியான் சிவப்பு ஒளியை விழுங்கும், மெஜந்தா பச்சையை, மஞ்சள் நீலத்தை. மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் தாளிலிருந்து சிவப்பு மட்டுமே திரும்பும். குங்கும நிறம் அப்படித்தான் கிடைக்கிறது. முழு மஞ்சளில் முக்கால் பங்கு சியான் சேர்ந்தால் வாழையிலை. மூன்றையும் முழுதாகப் போட்டால் கருப்பு வர வேண்டும். வராது, சேற்றுப் பழுப்புதான் வரும், தாளும் ஊறி நெளியும். எந்த மையும் தன் பங்கு ஒளியை மட்டும் சுத்தமாக விழுங்குவதில்லை. அதனால்தான் கருப்புக்குத் தனி பாட்டில்.

அதிகம் ஏமாற்றுவது நீலம். திரையில் பளிச்சென்று இருக்கும் ராயல் புளூ தாளில் கத்திரிப்பூ நிறமாக இறங்கும். சியான் பச்சை ஒளியிலும் கொஞ்சம் தின்றுவிடும். மெஜந்தாவும் சரிசமமாகச் சேர்ந்தால் பச்சை அடியோடு போய், மிச்சமிருக்கும் சிவப்பு தலைதூக்கும். டிசைனில் சியான் 100 சதவீதம், மெஜந்தா 65 சதவீதம் என்று எண் போட்டால் மட்டும் தீராது. டிரைவர் (கணினியில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) படத்தை ஆர்ஜிபியாக, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவுகளாக வாங்கி, மைக் கணக்கைத் தானே போடுகிறது. டிரைவரின் கலர் கரெக்‌ஷனில் கஸ்டம் எடுத்து, மெஜந்தா ஸ்லைடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஒரு சின்னக் கட்டத்தை அடித்துப் பாருங்கள்.

முகங்களில்தான் நாலு மையின் எல்லை தெரியும். 10 மடங்கு லென்ஸை கன்னத்தின் மேல் வைத்தால், வெள்ளைத் தாளில் தூவினாற்போல மெஜந்தா, மஞ்சள் புள்ளிகள். வெளிர் நிறத்துக்குப் புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. அதுவே கண்ணுக்கு மணல் மணலாகப் படுகிறது. ஆறு மை போடும் எப்சன் எல்8050-இல் வெளிர் சியானும் வெளிர் மெஜந்தாவும் இருப்பது இதற்காகத்தான்.

நிறம் மாறி வந்தால் எந்த மை அடைத்திருக்கிறது என்று அச்சே சொல்லிவிடும். பச்சை மஞ்சளாக வந்தால் சியான் வரவில்லை. சிவப்பு மஞ்சளாக வந்தால் மெஜந்தா இல்லை. சிவப்பே ரோஸாக வந்தால் மஞ்சள் இல்லை. நாசில் செக் (மைத் துளைகளைச் சோதிக்கும் அச்சு) அடித்துக் கோடு விட்டிருக்கிறதா பாருங்கள், பிறகு ஹெட் கிளீனிங் (அந்தத் துளைகளைச் சுத்தம் செய்வது). மூன்று முறை செய்தும் சரியாகவில்லையென்றால் 12 மணி நேரம் அச்சடிக்காமல் விட்டுவிட்டு மறுபடி நாசில் செக். இன்னும் பலமாகச் சுத்தம் செய்யும் பவர் கிளீனிங்கைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், மையை நிறையக் குடிக்கும். வாரம் ஒரு வண்ணப் பக்கம் அடித்தாலே பெரும்பாலும் அடைப்பு வராது.

கருப்பு ஒரு பாட்டிலுக்கு 4,500 பக்கம், மூன்று வண்ணமும் சேர்ந்து 7,500 பக்கம் என்பது நிறுவனத்தின் கணக்கு. முதல் பாட்டிலில் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். குழாய்களை நிரப்பவே ஒரு பங்கு போய்விடும். பக்கம் முழுக்கப் படம் அடித்தாலும் எண்ணிக்கை நன்றாகக் குறையும்.

தாள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதா 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஜெராக்ஸ் தாள் மையை உறிஞ்சி, புள்ளியைப் பரப்பி, நிறத்தை மங்கடித்துவிடும். அதே படம் இங்க்ஜெட் மேட் தாளில் இரண்டு படி பளிச்சென்று நிற்கும். தாளை மாற்றினால் டிரைவரில் பேப்பர் டைப்பையும் மாற்ற வேண்டும். பிளெயின் பேப்பர் என்றே விட்டுவிட்டு போட்டோ தாள் வைத்தால் மை அளவு பொருந்தாமல் படம் வெளுத்தோ திட்டுத்திட்டாகவோ வரும். நாலும் டை (கரையும் சாயம்) மை, கருப்பு உட்பட. ஈரக்கை பட்டால் கலங்கும், வெயிலில் வெளுக்கும். கடை வாசலில் ஒட்டுவதாக இருந்தால் லேமினேஷன் போட்டே ஒட்டுங்கள்.