லடாக்கின் பனியை அளக்க எந்தச் செயற்கைக்கோள்?

லே நகரில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையையும் பனியையும் நீராகக் கூட்டினால் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர்தான் தேறும். அதனால் லடாக்கின் பார்லி வயல்கள் மலையிலிருந்து உருகி இறங்கும் ஓடைகளையே நம்பியிருக்கின்றன. விதைப்புக் காலமான ஏப்ரல், மே மாதங்களில் உயரத்துப் பனியாறுகள் இன்னும் தாராளமாக உருகத் தொடங்கியிருப்பதில்லை. அந்த வாரங்களுக்குத் தண்ணீர் தருவது குளிர்காலத்தில் விழுந்து, தாழ்ந்த சரிவுகளில் தங்கிய பருவப் பனிதான். அதைக் கண்காணிப்பதில் முதன்மையாகப் போட்டியிடுபவை இரண்டு: நாசாவின் மோடிஸ் கருவியும் ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களும்.

இரண்டிலும் அடிப்படை முறை ஒன்றே. பனி பச்சை ஒளியை நன்கு எதிரொளிக்கிறது, குறுஅலை அகச்சிவப்பை உறிஞ்சிவிடுகிறது. இந்த வேறுபாட்டிலிருந்து பனிக்குறியீடு கணக்கிடப்படுகிறது. அது 0.4-ஐத் தாண்டினால் பனி என்று கொள்வது பழைய வழக்கம். மோடிஸின் ஒரு படப்புள்ளி 500 மீட்டர் அகலமுடையது என்பதால், 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புக்கு அது தருபவை 40 புள்ளிகள் மட்டுமே. அதே பரப்புக்கு 20 மீட்டர் பிரிதிறனில் சென்டினல்-2 தருபவை 25,000. ஈரமான மலைகளில் பனி ஒரே போர்வையாகக் கிடப்பதால் இந்த வேறுபாட்டை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம். லடாக்கிலோ பனி மெல்லியது. காற்று அதை அள்ளிச் சென்று பள்ளங்களில் குவிக்கிறது. பாறையும் பனியும் கலந்த பெரிய புள்ளியில் குறியீடு 0.4-க்குக் கீழே இறங்கிவிட, உண்மையில் இருக்கும் பனி கணக்கில் விடுபட்டுப்போகிறது. ஒரு கிராமத்தின் ஓடையைப் பற்றிப் பேச வேண்டுமானால், என் கருத்தில் மோடிஸ் போதாது.

ஆயினும் அதை ஒதுக்கிவிடவும் முடியாது. டெரா செயற்கைக்கோளில் அது 2000-ஆம் ஆண்டிலிருந்து நாள்தோறும் பதிவு செய்து வருகிறது. சென்டினல்-2 தொடரின் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்டதே 2015-இல்தான், 2017-இல் இரண்டாவது சேர்ந்த பிறகே ஒரே இடத்தை ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்க முடிந்தது. இந்த ஆண்டின் பனி வழக்கத்தைவிடக் குறைவா என்று கேட்டால், வழக்கம் எது என்று சொல்லும் நீண்ட பதிவு மோடிஸிடம் இருக்கிறது. மேலும், மெல்லிய பனி சில நாள்களிலேயே மறைந்துவிடுவதால், ஐந்து நாளுக்கு ஒரு படத்தில் அந்த நாள் மேகமூட்டமாக இருந்துவிட்டால் ஒரு பனிப்பொழிவு வந்துபோனதே தெரியாமல் போகலாம். (மேகம் மறைத்த புள்ளிகளுக்கு முந்தைய தெளிவான நாளின் மதிப்பை இட்டு நிரப்பும் மோடிஸ் தரவும் உண்டு, ஆனால் மெல்லிய பனி அதற்குள் மறைந்திருக்கலாம் என்பதால் இங்கு அதை எச்சரிக்கையோடே பயன்படுத்த வேண்டும்.)

இவற்றுக்கு இடையே இஸ்ரோவின் ரிசோர்ஸ்சாட் செயற்கைக்கோள்களில் உள்ள ஏவிஃப்ஸ் கருவி நிற்கிறது. 56 மீட்டர் பிரிதிறனும் 740 கிலோமீட்டர் அகலப் பார்வையும் கொண்ட இது, இமயமலை முழுவதற்குமான பனிக் கணக்கெடுப்புக்கு மிகப் பொருத்தமானது. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் 30 மீட்டர் படங்கள் 1980-கள் வரை பின்னோக்கிச் செல்ல உதவும், ஆனால் ஒரு செயற்கைக்கோள் அதே இடத்துக்குத் திரும்ப 16 நாள் ஆகும். நுண்ணலைக் கதிர்வீச்சை அளக்கும் கருவிகள் பனியின் ஆழத்தையே மதிப்பிட முயல்பவை என்றாலும், அவற்றின் ஒரு புள்ளிக்குள் பள்ளத்தாக்கும் சிகரமும் சேர்ந்தே அடங்கிவிடும்.

சென்டினல்-1 ரேடார் மேகத்தை ஊடுருவும், இரவிலும் இயங்கும். ஆனால் உலர்ந்த பனியை அதன் அலைகள், சன்னல் கண்ணாடியை ஒளி ஊடுருவுவதுபோல், ஏறத்தாழ அப்படியே கடந்துவிடும். பனி ஈரமாகும்போதுதான் எதிரொலி சட்டெனக் குறையும். பனிப்பரப்பை அளக்க அது உதவாது. உருகல் எந்த வாரத்தில், எந்த உயரத்தில் தொடங்கியது என்பதைக் காட்ட அதற்கு நிகரில்லை.

ஒளிப்படங்கள் அனைத்துக்கும் பொதுவான சிக்கல் நிழல். டிசம்பர், ஜனவரியில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது வடக்கு நோக்கிய சரிவுகள் இருண்டுவிடுகின்றன. பனி நீண்ட நாள் தங்குவதும் அவற்றில்தான். த்சோ கர் ஏரிக்கரையின் உப்புப் படிவும், ஈரமாக இருக்கையில், பனியாகக் கணக்கிடப்படும் வாய்ப்புண்டு. ஆகவே ஏரிப் படுகைகளை முன்கூட்டியே நீக்கிவிட்டு, சென்டினல்-2 படங்களை அடித்தளமாகக் கொண்டு, இடைப்பட்ட நாள்களுக்கு மட்டும் மோடிஸைச் சேர்ப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. அப்போதும் கிடைப்பது பரப்பளவு மட்டுமே: வறண்ட காற்றில் பனியின் ஒரு பகுதி உருகாமலே ஆவியாகிவிடுவதால், படத்தில் சுருங்கும் பனிப்பரப்பு முழுவதையும் ஓடை நீராகக் கணக்கிட முடியாது, ஓடையில் ஓர் அளவுகோலை நட்டு நீர்மட்டத்தையும் குறித்துவர வேண்டும்.