பட்டனா, சைட்மேப்பா, இணைப்பா? புது வலைப்பூ கூகுள் கண்ணில் பட எது உதவுகிறது

தாராவி 90 அடி சாலைப் பக்கம் குடியிருக்கும் என் மதினி இந்தத் தை மாதம் ஒரு வலைப்பூ தொடங்கினார். சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி என்று முழுக்கத் திருநெல்வேலிச் சமையல்தான். மும்பையில் கிடைக்கிற சாமானை வைத்து அதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறார். பதினைந்து பதிவு போட்ட பிறகு ஒருநாள் கூப்பிட்டு, "தம்பி, வலைப்பூ பேரையே போட்டுத் தேடினாலும் வரமாட்டேங்குது" என்றார். செம்பூரிலிருந்து போய் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, ஆளாளுக்குச் சொல்லும் வழிகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தோம்.

ஒப்பிடும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தேடுபொறி ஒரு பக்கத்தைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. படித்துப் பார்த்து, தன் அட்டவணையில் வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்வது வேறு வேலை. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவி இதைத் தனித்தனியாகவே காட்டும். 'டிஸ்கவர்ட்' என்று இருந்தால் முகவரி தெரியும், இன்னும் வரவில்லை. 'கிரால்ட்' என்று இருந்தும் அட்டவணையில் இல்லை என்றால், வந்து பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது. கீழே வருகிற வழிகளில் பெரும்பாலானவை முதல் வேலைக்கு மட்டுமே உதவும்.

முதலில் பட்டன். சர்ச் கன்சோலில் பதிவின் முகவரியை ஒட்டி 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' என்று அழுத்துவது. செலவில்லை, எளிது. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று வரம்பு உண்டு. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம் என்று கூகுளே சொல்கிறது. ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகம் கூடாது. மதினி ஒரு பதிவுக்கு நாள் தவறாமல் அழுத்தியிருந்தார், பாவம்.

சைட்மேப் அப்படியில்லை, அது தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பு. பட்டன் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது என்றால், சைட்மேப் 'சால்' என்கிற வரிசைவீட்டுக் கட்டடம் முழுவதற்குமான அறைப் பட்டியலைக் கையில் கொடுப்பது. 2005 முதல் இருக்கும் முறை. ஒரு கோப்பில் 50,000 முகவரி வரை கொள்ளும். கூகுளின் வலைப்பூச் சேவையான பிளாகரில் தானாகவே உருவாகிவிடும். வலைப்பூ நடத்தும் இன்னொரு மென்பொருளான வேர்ட்பிரஸில் 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து அதுவும் தானாகவே வருகிறது. ஒருமுறை சர்ச் கன்சோலில் கொடுத்தால் போதும். பழைய வழிகாட்டிகளில் 'ஒவ்வொரு பதிவுக்கும் சைட்மேப் மாறிவிட்டது என்று கூகுளுக்குத் தகவல் (ping) அனுப்புங்கள்' என்று இருக்கும். அந்த வசதியை நிறுத்துவதாகக் கூகுள் 2023-இல் அறிவித்துவிட்டது, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். வெளியிலிருந்து ஒரு இணைப்புகூட இல்லாத புதுத் தளத்துக்கு இந்த இரண்டில் எது என்று கேட்டால், தயங்காமல் சைட்மேப் என்பேன்.

இண்டெக்ஸ்நவ் என்ற முறையை 2021 அக்டோபரில் பிங் (Bing), யாண்டெக்ஸ் என்ற தேடுபொறிகள் கொண்டுவந்தன. பதிவு போட்டவுடன் நம் தளமே தகவல் சொல்லிவிடும், வேகம் அதிகம். ஆனால் கூகுள் இதில் சேரவில்லை. அதோடு தளம் நம்முடையதுதான் என்று காட்ட, அதன் வேர் அடைவில் ஒரு சாவிக் கோப்பு வைக்க வேண்டும். வேர்ட்பிரஸில் பிளக்இன் என்ற துணை மென்பொருள் போதும், பிளாகரில் அந்த இடமே கிடையாது. மதினி பிளாகர் என்பதால் பிங்கின் இதேபோன்ற கருவியான வெப்மாஸ்டர் டூல்ஸில் சர்ச் கன்சோல் விவரத்தை இறக்குமதி செய்தோம். கொஞ்ச நேர வேலைதான். டக்டக்கோ என்ற தேடுபொறி பெரும்பாலும் பிங்கைச் சார்ந்தது என்பதால் அங்கும் பலன் உண்டு.

அடுத்தது இணைப்பு. என் ஓட்டு இதற்குத்தான். பக்கங்களைப் படிக்கக் கூகுள் அனுப்பும் நிரலான கூகுள்பாட் அடிப்படையில் இணைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒன்று. அது ஏற்கெனவே வந்துபோகும் ஒரு பக்கத்தில் உங்கள் முகவரி இருந்தால், கண்டுபிடிப்பதும் நடக்கும், இது பொருட்படுத்த வேண்டிய தளம் என்ற குறிப்பும் போகும். மற்ற வழிகளுக்கு இந்த இரண்டாவது பலன் இல்லை. ஆனால் எல்லா இணைப்பும் ஒன்றல்ல. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் சொந்தக்காரர்கள் படிப்பார்கள், தேடுபொறி அதற்குள் வராது. விக்கிப்பீடியாவின் வெளி இணைப்புகள் 2007 முதல் 'நோஃபாலோ', அதாவது 'இந்த இணைப்பைப் பரிந்துரையாக எடுத்துக்கொள்ளாதே' என்ற குறியோடுதான் இருக்கின்றன. அடுத்தவர் பதிவின் கீழே பின்னூட்டத்தில் முகவரியைக் கொட்டுவதும் பெரும்பாலும் அப்படித்தான். முன்பு பல வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்தன. புதிதாக எழுத வருகிறவரை ஊருக்கு அறிமுகம் செய்யும் வாசல் அது. அந்த இடம் காலியாகக் கிடப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதனால் இப்போது எழுதுகிறவர்கள்தான் ஒருவரையொருவர் கைகாட்ட வேண்டும். மாட்டுங்காவில் இருக்கும் மதினியின் தோழி பல வருடமாகக் கோலம் பற்றி எழுதுகிறார். சொதி செய்து பார்த்து, பிடித்துப்போய், தன் பதிவில் இணைப்புக் கொடுத்தார். அந்த வாரமே கூகுள்பாட் வந்துபோனது சர்ச் கன்சோலில் தெரிந்தது.

பணம் கொடுத்து 'நூற்றுக்கணக்கான தேடுபொறிகளில் பதிவு' செய்யும் சேவை? வேண்டாம். மதினியின் பக்கத்து வீட்டுக்காரர் 3,000 ரூபாய் கொடுத்து, யாரும் படிக்காத பக்கங்களில் முந்நூறு இணைப்பு வாங்கினார். இப்படி இணைப்பை விலைக்கு வாங்குவது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கே எதிரானது. 'இண்டெக்ஸிங் ஏபிஐ வழியாக உடனே ஏற்றுகிறோம்' என்று சொன்னாலும் நம்ப வேண்டாம். அது மென்பொருள் வழியாகக் கூகுளுக்கு நேரடியாகத் தகவல் சொல்லும் வழி, கூகுள் அதை வேலைவாய்ப்பு அறிவிப்புப் பக்கங்களுக்கும் நேரலை ஒளிபரப்புப் பக்கங்களுக்கும் மட்டுமே வைத்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஐந்து பதிவு 'கிரால்ட்' நிலையிலேயே நின்றது. திறந்து பார்த்தால் காரணம் தெரிந்தது. அந்த ஐந்திலும் செய்முறை முழுவதும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதுபோல அழகான படமாக இருந்தது. எழுத்து என்று இரண்டு வரிதான். பட்டனும் சைட்மேப்பும் தேடுபொறியை வாசல்வரை கூட்டி வந்துவிட்டன, உள்ளே படிக்க ஒன்றுமில்லை. இன்னொன்று, பிளாகரில் தலைப்பைத் தமிழில் மட்டும் வைத்தால் முகவரி வெறும் 'பிளாக்-போஸ்ட்' என்று வந்துவிடும். வெளியிடும் முன்பே பதிவின் நிலையான முகவரிக்கான 'பெர்மாலிங்க்' இடத்தில் ஆங்கில எழுத்தில் சொதி என்று நாமே எழுதிவிடலாம். தமிழ் முகவரியும் கூகுளுக்குப் புரியும்தான். ஆனால் நகலெடுத்து அனுப்பும்போது 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 குறிகளாக நீண்டுவிடும், பார்க்கிறவர் தொடவே பயப்படுவார்.

இப்போது வலைப்பூவின் பெயரைப் போட்டால் வருகிறது. 'மும்பையில் சொதி' என்றாலும் வருகிறது. வெறும் 'சொதி' என்றால் இன்னும் இல்லை. ஐந்தில் மூன்று பதிவை எழுத்தாக மாற்றியாயிற்று. அடுத்த ஞாயிறு உளுந்தங்களி. கருப்பட்டி அளவை மதினி கைக்கணக்கில் சொல்வதால் தராசும் வாங்கி வைத்திருக்கிறோம்.