காளையா, மீசைத் தாத்தாவா, வெறும் எழுத்தா? செக்கு எண்ணெய்க்கு ஒரு லோகோ

காங்கேயம் பக்கம் மரச்செக்கு எண்ணெய் பாட்டில் எதைக் கையில் எடுத்தாலும் லேபிளில் என்ன படம் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். திமிலும் கொம்புமாக ஒரு காளை நிற்கும். இல்லையென்றால் தலைப்பாகை கட்டி முறுக்கு மீசை வைத்த ஒரு தாத்தா சிரிப்பார். நானும் என் மச்சானும் சேர்ந்து எண்ணெய் பிராண்டு ஆரம்பித்தபோது எங்கள் முன்னால் இருந்ததும் இந்த இரண்டும்தான். மூன்றாவதாக, படமே வேண்டாம், பெயரை நல்ல கையெழுத்தில் எழுதி அதையே லோகோ ஆக்கிவிடலாம் என்று ஒரு யோசனை. மச்சான் தாத்தா கட்சி, நான் எழுத்துக் கட்சி. கடைசியில் எழுத்துதான் ஜெயித்தது. அதனால் இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நைக்கியின் வளைகோடு மாதிரி வெறும் குறியீடு ஒன்றை வைத்தால் என்ன என்று டிசைனர்கள் கேட்பார்கள். 1971-ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்த கதையையும் கூடவே சொல்வார்கள். அந்தக் கோட்டுக்கு அர்த்தம் வரும்வரை அந்தக் கம்பெனி விளம்பரத்தில் கொட்டிய பணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். அதே 1971-ல் தொடங்கிய ஸ்டார்பக்ஸ், கடல்கன்னியைச் சுற்றி எழுதியிருந்த தன் பெயரை எடுத்தது 2011-ல். நாற்பது வருடம் பெயரோடு நின்ற பிறகுதான் பெயர் இல்லாமல் நிற்கத் துணிந்தார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்கு அது கதைக்கு ஆகாது.

சரி, காளைக்கு வருவோம். அதன் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செக்கை இழுத்ததே மாடு. விளக்கம் தேவையில்லை. அதோடு 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் கூடிய பிறகு, காளை என்றாலே ஒரு உணர்ச்சி வந்துவிட்டது. டீ-சர்ட், பைக் ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ் என்று எங்கும் அதே நிழலுருவம். வெகுமக்கள் பண்பாட்டிலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் இதைவிட வலுவான படம் நம் பக்கம் கிடைக்காது. சிக்கலும் அங்கேதான். அது எல்லோருக்கும் சொந்தம். கடையில் ஒருவர் “அந்தக் காளை படம் போட்ட எண்ணெய் குடுங்க” என்று கேட்டால் கடைக்காரர் கைக்கு எட்டுகிற எதையும் எடுத்துக் கொடுக்கலாம். ஒரு தொழிலில் வழக்கமாக எல்லோரும் பயன்படுத்துகிற அடையாளத்தைத் தனி ஒருவருக்குப் பதிவு செய்து தர வர்த்தகக் குறிச் சட்டமும் இடம் கொடுக்காது.

படம் போட்டு விற்கிற வழக்கமே தப்பு என்று சொல்லவில்லை. சிவகாசித் தீப்பெட்டியிலும் பட்டாசிலும் சேவல் மார்க், அணில் மார்க் என்று கேட்டு வாங்கித்தான் நம் தாத்தாக்கள் பழகினார்கள். ஹெச்.எம்.வி. இசைத்தட்டு நம் ஊரில் ‘நாய் மார்க்’. அந்த நாய் உண்மையிலேயே இருந்த நாய், பெயர் நிப்பர். பிரான்சிஸ் பாரோ என்ற ஓவியர் முதலில் வரைந்தபோது அது கேட்டுக்கொண்டிருந்தது வேறு கம்பெனியின் ஃபோனோகிராஃபை. 1899-ல் கிராமபோன் கம்பெனி ஓவியத்தை வாங்கச் சம்மதித்து, தங்கள் கருவியை வரையச் சொன்னது. அவர் பழையதன் மேலேயே புதியதை வரைந்து கொடுத்தார். ஆனால் இசைத்தட்டுக் கடையில் அந்த ஒரு நாய்தான் இருந்தது. இங்கே தெருவுக்குத் தெரு காளை. தவிர, எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வாங்குவதற்காக வந்த வழக்கம் அது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் எழுத்தறிவு 80 சதவீதம் ஆகிவிட்டது.

சாமி படம் வைக்கலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். காலி டின்னை ஜனங்கள் குப்பைக்கும் கழுநீருக்கும் வைப்பார்கள் என்றதும் அவர்களே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

தாத்தா விஷயம் கொஞ்சம் சிக்கலானது, ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல யோசனை. ஒரு முகம் இருந்தால் அது பேசும். தீபாவளிக்கு வாழ்த்து சொல்லும், ரீல்ஸில் ஆடும். மச்சான் மனதில் இருந்தது சினிமாவில் வரும் கிராமத்துப் பெரியவர், மீசையை நீவிக்கொண்டே பேசுகிறவர். முதலில் இதில் ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மீசைத் தாத்தாக்கள் எப்படி வரைந்தாலும் ஏதோ ஒரு நடிகரின் சாயலில் போய் முடிகிறார்கள். 2014-ல் ஒரு இந்திப் படம் தன் பெயரையும் பாணியையும் பயன்படுத்துகிறது என்று ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றம் போனார். நீதிமன்றம் அந்தப் படத்துக்குத் தடை விதித்தது. எண்ணெய் டின்னுக்காக யாரும் கோர்ட்டுக்கு வரமாட்டார்கள் என்று மச்சான் சொன்னார். வியாபாரம் பெரிதாகும் என்று நம்பித்தானே லோகோவே வைக்கிறோம்?

அதைவிட முக்கியமான கேள்வி, அந்தத் தாத்தாவுக்கு யார் சோறு போடுவது என்பது. உருவ லோகோ என்பது மாதச் சம்பளத்துக்கு ஆள் வைப்பது மாதிரி. வேலை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மூலையில் உட்கார்ந்துவிடும். அமுல் பாப்பாவைப் பாருங்கள். 1966-ல் சில்வெஸ்டர் டகுன்ஹாவின் விளம்பர ஏஜென்சியில் யூஸ்டஸ் ஃபெர்னாண்டஸ் வரைந்தது. இத்தனை வருடம் கழித்தும் அவள் உயிரோடு இருக்கக் காரணம் புள்ளி போட்ட கவுன் இல்லை. கிரிக்கெட், சினிமா, தேர்தல் என்று நாட்டில் எது பேச்சானாலும் உடனே அதை வைத்து ஒரு புது விளம்பரம் வந்துவிடுகிறது. அதற்கென்றே எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்றையும் கவனிக்கலாம். பாக்கெட்டில் லோகோவாக இருப்பது ‘அமுல்’ என்ற எழுத்து. பாப்பாவுக்கு முக்கிய வேலை ஊர்ப் பேச்சைப் பிடிப்பதுதான்.

அந்த மாதிரிச் செலவு செய்ய முடியாமல் போனால், அல்லது கம்பெனிக்கு மனசு மாறினால், உருவம் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஏசியன் பெயின்ட்ஸின் கட்டு, பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக நிற்கும் பையன், 1954-ல் ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்தது. லக்ஷ்மண் கை பட்ட உருவத்துக்கே 2002-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஏர் இந்தியாவின் மகாராஜா 1946-ல் பாபி கூக்காவும் உமேஷ் ராவும் உருவாக்கியது. ஒரு காலத்தில் அந்த விமானக் கம்பெனியின் முகமே அவர்தான். 2023-ல் புது லோகோ வந்தபோது அதில் மகாராஜா இல்லை. ஏர் இந்தியாவை வைத்திருக்கிற டாடாவுக்கே இந்த நிலைமை என்றால், கூகுள் ஷீட்டில் கணக்கு எழுதுகிற நாங்கள் எந்த மூலைக்கு?

இனி நான் முடிவெடுத்த இடம். பராமரிப்பு. டிசைனரின் கம்ப்யூட்டர் திரையில் எல்லா லோகோவும் அழகுதான். வெளியே வந்தபிறகு அது போகிற இடங்களை எழுதிப் பார்த்தேன். ஒரு லிட்டர் பாட்டில் லேபிள், மல்டிகலர், பிரச்னை இல்லை. அட்டைப்பெட்டியில் ஒரே கலர், ரப்பர் பிளேட் அச்சு. நிழலும் சுருக்கமுமாக வரைந்த முகம் அதில் கறுப்பாக அப்பிவிடும். பில் மெஷினில் வருவது தெர்மல் பேப்பர், அங்கே சாம்பல் நிறம் என்பதே கிடையாது. ரப்பர் ஸ்டாம்பில் மீசை மட்டும் விழும். பையன்கள் சட்டையில் எம்பிராய்டரி போட்டால் தாத்தாவுக்குக் கண் இருக்காது. வாட்ஸ்அப் டிபி வட்டத்துக்குள் தலைப்பாகை வெட்டுப்படும். இப்படி ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாத்தா என்று மூன்று நான்கு வடிவம் வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த பிரஸ்ஸுக்கு எந்த கோரல் (டிசைன் சாஃப்ட்வேர்) ஃபைல் போனது என்று கணக்கு வேறு.

சுவர் விளம்பரம் இன்னும் மோசம். எங்கள் பக்கத்து மசாலாக் கம்பெனி ஒன்று ஊர் ஊராகச் சுவரில் ஒரு பாட்டியை வரைய வைத்தது. ஒரு ஊரில் பாட்டி, அடுத்த ஊரில் சித்தி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் யாரோ எம்.எல்.ஏ. மாதிரி. வரைகிற ஆளைக் குறை சொல்ல முடியாது. வெயிலில் ஏணியில் நின்று ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப அதேபோல் கொண்டுவருவது பெரிய வித்தை. எழுத்தென்றால் அட்டையில் ஸ்டென்சில் வெட்டிக் கொடுத்துவிடலாம்.

எழுத்து லோகோ என்றால் ஊர் வாசனையே இருக்காது என்று மச்சான் சொன்ன வாதத்தை நான் ஒத்துக்கொள்ளவில்லை. கோகோ-கோலா பெயரை எழுதியது ஃபிராங்க் ராபின்சன் என்ற கணக்கர். 1880-களில் அமெரிக்கக் கணக்கர்களும் வியாபாரிகளும் கடிதம் எழுதப் பழகிய சாதாரணச் சாய்வெழுத்துதான் அது. அந்தக் காலத்தின் வெகுமக்கள் கையெழுத்து. அந்தக் கையெழுத்தில் இன்று யாரும் எழுதுவதில்லை, அதனால் அது அந்தக் கம்பெனியின் சொந்த எழுத்தாகவே ஆகிவிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் நாக்கு லோகோ கதை இன்னும் சுவாரசியம். குழுவின் பாடகர் மிக் ஜாகர் டிசைனரிடம் காட்டியது நாக்கை நீட்டிய காளியின் படம். 1970-ல் 50 பவுண்டுக்கு வரைந்த ஜான் பாஷ் அதிலிருந்து தேவியை எடுக்கவில்லை, நாக்கையும் வாயையும் மட்டும் எடுத்தார். ஊரிலிருந்து முகத்தைக் கடன் வாங்கினால் அது எப்போதும் ஊராருடைய முகம். ஒரு கோட்டையோ வளைவையோ வாங்கினால் கொஞ்ச காலத்தில் அது நம்முடையதாகிவிடுகிறது. நான் எழுத்துப் பக்கம் சாய்ந்ததற்கு அடியில் இருந்த நம்பிக்கை இதுதான்.

எங்கள் ஊரில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? சுவரில்தான். பட்டை பிரஷ்ஷில் ஒரே இழுப்பாக இழுத்து, ஓரத்தில் ஷேடு கொடுத்த எழுத்து. தியேட்டர் தட்டியிலும் கட்சிச் சுவரிலும் பார்த்து வளர்ந்தது. ஒரு காலத்தில் இரண்டுக்கும் எழுதிய ஆர்ட்டிஸ்ட் ஒருவர், ஃப்ளெக்ஸ் வந்த பிறகு நம்பர் பிளேட்டும் லாரி பின்பக்கமும் எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் போனோம். பெயருக்குக் கீழே ‘செக்கு எண்ணெய்’ என்ற வரியும் வேண்டும் என்றதும் சிரித்தார். “எண்ணெய்ங்கறதே சுழி சுழியா இருக்குதுங்க தம்பி. சின்னதாக்குனா சுழியெல்லாம் அடைஞ்சு போயிரும்.” வாஸ்தவம். மூன்று சுழி ண இரண்டு, அதன் பக்கத்தில் ஒரு கொம்பு. மேலே இரண்டு புள்ளி வேறு, அதில் ஒன்று அச்சில் விழாமல் போனால் வார்த்தையே மாறிவிடும். சுழிகளின் வாயைக் கொஞ்சம் திறந்து வைத்து, புள்ளியைக் கனமாக்கி எழுதிக் கொடுத்தார். டிசைனர் அதை அப்படியே ஸ்கேன் எடுத்துக் கோரலில் கோடு கோடாகப் பிடித்தார். ஷேடு இல்லாமல் ஒன்று, ஷேடோடு ஒன்று. இரண்டே ஃபைல்.

குறையும் உண்டு. பெயர் நீளம் என்பதால் டிபி வட்டத்துக்குள் முழுசாகப் போகாது. முதல் எழுத்தை மட்டும் போட்டிருக்கிறோம், அதைப் பார்த்து யார் என்று கண்டுபிடிப்பவர்கள் குறைவு. லேபிளில் சட்டப்படி போடவேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதால் ஆங்கிலத்திலும் பெயரை எழுத வேண்டியிருந்தது. அதே பிரஷ் சாயலில் ஆங்கிலம் எழுத முயன்றோம். சுமார்தான்.

காகித வேலையில் ஒரு விஷயம். பெயரைச் சொல்லாக வர்த்தகக் குறி பதிவு செய்தால் எந்தப் பாணியில் எழுதினாலும் அது காக்கும். உருவம் வைத்தால் பெயருக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று இரண்டு விண்ணப்பம் போடுவதுதான் பத்திரம். ஆன்லைனில் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு (பதிவுக்காகப் பண்டங்களைப் பிரித்திருக்கிற பிரிவு) 4,500 ரூபாய். சமையல் எண்ணெய் 29-வது வகுப்பு. 10 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க 9,000. அப்புறம், எழுதிக் கொடுத்தவரிடமும் டிசைனரிடமும் உரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வருடத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால், பதிப்புரிமைச் சட்டப்படி வெறும் 5 வருடம்தான் கணக்கு.

இதெல்லாம் தமிழ்நாட்டுக்குள், பெரியவர்கள் வாங்குகிற பண்டத்துக்குச் சொல்வது. பாலக்காட்டுக்குக் கொஞ்சம் சரக்கு போகிறது. அங்கே எங்கள் தமிழ் எழுத்து யாருக்கும் எதுவும் சொல்வதில்லை, அந்தச் சுமாரான ஆங்கிலம்தான் வேலை செய்ய வேண்டும். அங்கே காளையாக இருந்தால் நன்றாக ஓடியிருக்குமோ என்று மச்சான் இன்னும் கேட்கிறார். இருக்கலாம். குழந்தைகள் வாங்குகிற பண்டமென்றால் நானே உருவம் பக்கம் போய்விடுவேன். அடுத்து கடலை மிட்டாய் போடலாம் என்று பேச்சு இருக்கிறது. அதற்கு ஒரு உருவம் வைக்கட்டும், ஆனால் மாதாமாதம் படம் வரைய ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறேன். தொகை எவ்வளவு என்பதில்தான் இப்போது தகராறு.